தேறாத பாடகனும் தீராத பாட்டும்

கலைஞர்களைப் பற்றிய திரைப்படங்களுள் பெரும்பாலானவை ஒரே பாதையில் நடப்பவை. தொடக்கத்தில் வறுமை, இடையில் அவமதிப்பு, இறுதியில் அரங்கம் அதிரும் கைத்தட்டல். பட்ட துன்பமெல்லாம் அக்கைத்தட்டலுக்காகக் கட்டிய முன்பணமே என்று நமக்குச் சொல்லப்படும். நாமும் மனநிறைவோடு எழுந்து வருவோம். ஆனால் திறமை இருந்தது, உழைப்பும் இருந்தது, கைத்தட்டல் மட்டும் வரவேயில்லை என்றால் அந்த வாழ்க்கையை எந்தக் கணக்கில் எழுதுவது? பாட வந்தவர்களுள் மிகப் பலரின் கதை இதுவே. ஆயினும் அதைப் படமாக்கத் துணிவோர் மிகச் சிலர்.

அத்தகைய துணிவோடு எடுக்கப்பட்ட படம், அமெரிக்க இயக்குநர்களான ஜோயல் கோயன், ஈதன் கோயன் ஆகிய உடன்பிறப்புகள் 2013-இல் வழங்கிய 'இன்சைட் லூயின் டேவிஸ்'. அவ்வாண்டின் கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரும் பரிசான 'கிராண்ட் பிரீ' அதற்குக் கிடைத்தது. நகைச்சுவைப் படம் என்றே அதைச் சொல்ல வேண்டும்; ஆனால் சிரிப்பு அடங்குமுன் தொண்டையை அடைக்கும் நகைச்சுவை. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தார். அதற்கு அடுத்த வீட்டிலேயே அழுகையைக் குடிவைத்தார். இப்படத்தில் அவ்விரு வீடுகளுக்கும் இடையே சுவரே இல்லை.

கதை நிகழும் களம் நியூயார்க் நகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதி. காலம் 1961-ஆம் ஆண்டின் குளிர்காலம். அன்று அங்கே நாட்டுப்பாடல் மறுமலர்ச்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது. சுரங்கத்தையும் பருத்திக்காட்டையும் கண்ணால் காணாத நகரத்து இளைஞர்கள், சுரங்கத் தொழிலாளரின் பாட்டையும் பருத்தி எடுத்தவர் பாட்டையும் இசைத்தட்டுகளிலிருந்து கற்றுப் பாடினார்கள். 1952-இல் ஹாரி ஸ்மித் என்பவர் 84 பழைய ஒலிப்பதிவுகளைத் திரட்டி வெளியிட்ட தொகுப்பு அவர்களுக்கு மறைநூல் போல் விளங்கியது. மக்டூகல் தெருவின் நிலவறைக் காப்பிக் கடைகளில் அவர்கள் பாடுவார்கள். பாட்டு முடிந்ததும் ஒரு கூடை கைமாறி வரும். அதில் விழும் சில்லறைதான் பலருக்கு ஊதியம்.

மண்ணை விட்டு வந்த நகரத்தில் மண்ணின் பாட்டைப் பாடுவது என்பது, வடபுலத்து அரசுக் குடியிருப்புகளில் பொங்கலுக்குக் கும்மிப்பாட்டுப் பழகும் நம் குடும்பங்களுக்குப் புதுச் செய்தியன்று. ஆகவே இப்படம் நமக்கு அயல்நாட்டுப் படம். ஆனால் அயலார் படம் அன்று.

லூயின் டேவிஸ் அத்தெருவில் பாடும் இளைஞன். ஆஸ்கர் ஐசக் அப்பாத்திரத்தை ஏற்று, பாடல்களையும் தம் குரலிலேயே பாடியிருக்கிறார். அவற்றுள் பெரும்பாலானவை படப்பிடிப்பின்போதே நேரடியாகப் பதிவு செய்யப்பட்டவை. லூயினுக்கு வீடு இல்லை. தக்க குளிர்கால மேலாடை இல்லை. இன்று ஒருவர் வீட்டு நீள்நாற்காலி, நாளை மற்றொருவர் வீட்டுத் தரை. அவனோடு இணைந்து பாடிய தோழன் பாலத்திலிருந்து குதித்து உயிரை மாய்த்துக்கொண்டான். இருவரும் சேர்ந்து பாடிய பாட்டைத் தனியே பாடும் துயரத்தை அவன் எவரிடமும் சொல்வதில்லை. அதற்கு மாறாக எல்லோரிடமும் எரிந்து விழுகிறான்.

அவனுக்கு இடங்கொடுத்த பேராசிரியர் ஒருவரின் வீட்டுப் பூனை, அவன் கதவைத் திறந்த நேரத்தில் வெளியே ஓடிவிடுகிறது. கதவு தானே பூட்டிக்கொள்கிறது. ஒரு கையில் கித்தார், மறுகையில் பூனை என்று அவன் நிலத்தடி இரயிலில் பயணம் செய்யும் காட்சியைக் கண்டு சிரிக்காதவர் இருக்க முடியாது. பூனை மறுபடியும் தப்புகிறது. தேடி அலைந்து, கண்டு, பெருமிதத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தால், அது வேறொரு பூனை! காணாமற்போன பூனையோ ஒருநாள் தானாகவே வீடு வந்து சேர்கிறது. அதன் பெயர் யுலிசிஸ் என்பது பிற்பகுதியில்தான் நமக்குத் தெரியவருகிறது. கிரேக்கக் காவியத்தில் பல்லாண்டு அலைந்து வீடு திரும்பிய வீரனின் பெயர் அது. பூனைக்குத் திரும்ப வீடு இருந்தது, பாடகனுக்கு இல்லை. படத்தில் கதை என்று ஒன்று அமையாததால்தான் பூனையைச் சேர்த்தோம் என்று இயக்குநர்கள் வேடிக்கையாகக் கூறியதுண்டு.

நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாக எழுத்தராகப் பணியாற்றி வருகிறோம். ஆகவே, பிறர் கண்ணுக்குத் தப்பக்கூடிய மற்றொரு நகைச்சுவை நம் கண்ணில் பட்டது. அதைத் தாள்களின் நகைச்சுவை எனலாம். லூயினின் தனி இசைத்தட்டு விலைபோகவில்லை. விற்காத தட்டுகள் அடங்கிய பெட்டியைச் சுமந்து சென்று, வேறொரு பாடகனின் அறையில் மேசையின் அடியில் ஒளித்துவைக்கக் குனிகிறான். அங்கே ஏற்கெனவே ஒரு பெட்டி இருக்கிறது. அதில் அந்தப் பாடகனின் விற்காத தட்டுகள்! ஒரு தலைமுறைக் கலைஞர்களின் பொருளாதாரம் முழுவதையும் அந்த மேசையடியில் பார்த்துவிடுகிறோம்.

விண்வெளிக்கு அனுப்பாதீர் என்று குடியரசுத் தலைவரிடம் கெஞ்சும் கேலிப்பாட்டு ஒன்றின் ஒலிப்பதிவுக்கு அவனை அழைக்கிறார்கள். பின்னாளில் வரக்கூடிய உரிமத்தொகையை விட்டுக்கொடுத்தால் 200 டாலர் உடனே கைக்கு வரும். அவன் உடனடிப் பணத்தையே கேட்டு வாங்குகிறான். தன்னால் ஒரு பெண்ணுக்கு நேர்ந்திருக்கக்கூடிய நிலைக்கு மருத்துவச் செலவு காத்திருக்கிறது. கருக்கலைப்பு அந்நாளில் நியூயார்க்கில் சட்டத்துக்குப் புறம்பானது. அந்தக் கேலிப்பாட்டுத்தான் பெருவெற்றி பெறும் என்பது பிறகு தெரிகிறது. மருத்துவரோ, பணம் வேண்டா, பழைய பாக்கி உன் கணக்கில் வரவாக இருக்கிறது என்கிறார். முன்பு வேறொரு பெண்ணுக்காக அவன் கட்டிய தொகை செலவாகவே இல்லை; அவள் குழந்தையைப் பெற்றுக்கொள்ளத் துணிந்து தன் ஊருக்குப் போய்விட்டாள். ஆக, தனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது என்னும் செய்தியை ஒருவன் வரவு செலவுக் கணக்கின் வழியாக அறிகிறான்! இதற்குச் சிரிப்பதா, தலையைக் கவிழ்த்துக்கொள்வதா?

பாட்டை விட்டுக் கப்பலுக்கே போய்விடலாம் என்று அவன் முடிவு செய்யும் பகுதி இதனினும் கொடுமையானது. மாலுமிகள் சங்கத்தில் நிலுவைச் சந்தா 148 டாலர் கட்டுகிறான். உரிமச் சான்று வேண்டும் என்கிறார்கள். அது அவன் தமக்கை வீட்டில் விட்டுவைத்த பெட்டியில் இருந்தது. அந்தப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடு என்று சில நாள் முன்பு அவனே அவளிடம் சொல்லியிருந்தான். புதுச் சான்றுக்கு 85 டாலர், அவனிடம் இல்லை. வேலையும் இல்லை, பாட்டும் இல்லை, நிலுவை மட்டும் தீர்ந்தது. பணிப்பதிவேட்டில் ஒரு தாள் குறைந்ததனால் ஓய்வூதியம் நின்றுபோனவர்களை முகப்புச் சாளரத்தின் மறுபுறத்திலிருந்து பார்த்துப் பழகிய நமக்கு அங்கே சிரிப்பு வரவில்லை.

இப்படத்தில் நம் போன்றோரை நேரே தொடும் உரையாடல் ஒன்றும் உண்டு. பாட்டுத் தொழிலை விட்டுவிடலாமே என்று தமக்கை சொல்லும்போது, விட்டுவிட்டு வெறுமனே உயிர்வாழ்ந்துகொண்டிருப்பதா என்னும் பொருள்படக் கேட்கிறான் லூயின். மேடைக்கு வெளியே இருக்கும் நாங்களெல்லாம் செய்வது அதுதானா என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். காலையில் உணவுப்பெட்டியோடு புறப்பட்டு, மாலையில் காய்கறிப் பையோடு திரும்பும் நம்மைப் பார்த்துக் கேட்ட கேள்வி அன்றோ இது? அவனுடைய சொல்லில் இருக்கும் ஏளனம் நம்மைச் சுடுகிறது. அவளுடைய சொல்லில் இருக்கும் நியாயம் நமக்கு ஆறுதல் தருகிறது. படம் இருவருள் எவர் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

எங்கள் இல்லத்தில் இப்படத்தை ஒரு ஞாயிறு மாலையில் குடும்பத்தோடு பார்த்தோம். மூத்த மகள் கல்லூரியில் இறுதியாண்டு பயில்பவள். நாட்டுப்பாடல் குழு ஒன்றில் பாடி வருபவள். பட்டம் பெற்றபின் பணியாளர் தேர்வாணையத் தேர்வா, பாட்டா என்னும் வினா சில மாதங்களாகவே எங்கள் உணவு வேளைகளில் உடன் அமர்ந்திருக்கிறது. படம் முடிந்ததும் அவள், "அப்பா, இவன் நன்றாகத்தானே பாடுகிறான்? பிறகு ஏன்?" என்று கேட்டாள். நாம் வாய் திறக்குமுன் அவள் தாயார், "நன்றாகப் பாடினால் வீட்டுக்காரர் வாடகையைக் குறைப்பாரா, கண்ணு?" என்றார். எல்லோரும் சிரித்தோம், மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கேட்டது வாடகையைப் பற்றியது அன்று.

'பிறகு ஏன்' என்ற அந்தக் கேள்விக்குப் படம் விடை சொல்லவில்லை என்பது உண்மை. ஆயினும் ஒரு குறிப்பைத் தந்திருக்கிறது. சிகாகோ நகரில் 'கேட் ஆஃப் ஹார்ன்' என்னும் இசைக்கூடம். அதை நடத்தும் செல்வாக்குள்ள ஒருவர் முன்னிலையில் பாடிக்காட்ட லூயின் பனியில் நனைந்து போய்ச் சேர்கிறான். அவன் தேர்ந்துகொண்ட பாட்டு, பேறுகாலத்தில் உயிர்துறக்கும் அரசி ஒருத்தியைப் பற்றிய பழைய ஆங்கிலக் கதைப்பாடல். மகவு பிழைக்கிறது, தாய் மாய்கிறாள். 1537-இல் மகனை ஈன்ற சில நாளில் இறந்த அரசி ஜேன் சீமோரின் நினைவாக எழுந்ததாகக் கருதப்படுவது. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு என்னும் அறிஞர் திரட்டிய 305 கதைப்பாடல்களுள் 170-ஆவது. வணிகத்துக்கு இதைவிடப் பொருந்தாத பாட்டு ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. எனினும் அவன் அதைத்தான் பாடுகிறான். படக்கருவி அவன் முகத்தையும் கேட்பவர் முகத்தையும் பார்த்திருக்கிறது. பாட்டு முடிகிறது. இதில் அதிகப் பணம் தெரியவில்லை என்பதே கேட்டவர் கூறிய முடிவு. அவர் கொடியவர் அல்லர். கோப்பில் குறிப்பெழுதும் நேர்மையான அலுவலரைப் போல், தமக்குத் தோன்றியதைச் சொன்னார். மூவர் குழு ஒன்றைத் தாம் அமைத்து வருவதாகவும், அதில் சேரலாம் என்றும் வழிகூடக் காட்டுகிறார். லூயின் மறுத்துவிடுகிறான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். படம் முழுவதும் லூயினைப் பார்த்துச் சிரிக்கும் இயக்குநர்கள், அவன் பாடும்போது மட்டும் சிரிப்பதில்லை. அவனுடைய நாக்கை, கோபத்தை, பொறுப்பின்மையை எல்லாம் கேலி செய்கிறார்கள். பாட்டை மட்டும் குறுக்கிடாமல் கேட்க வைக்கிறார்கள். பாட்டின் தகுதி வேறு, பாடகனின் வெற்றி வேறு என்பதை வாயால் சொல்லாமல் செய்து காட்டுகிறார்கள். அவன் தோற்றதனால் பாட்டு தாழ்ந்துபோகவில்லை. பாட்டு உயர்ந்தது என்பதனால் அவன் செய்த தவறுகள் மன்னிக்கப்படவும் இல்லை. இரண்டையும் ஒருசேரத் தாங்கும் நேர்மைதான் இப்படத்தின் சிறப்பு என்பது நம் கருத்து.

அந்த மன்னிக்கப்படாத தவறுகளுள் ஒன்றுதான் படத்தின் கட்டமைப்பையே தாங்குகிறது. முதற்காட்சியில் பாடி முடித்து வெளியே வரும் லூயினை, இருட்டுச் சந்தில் ஒருவர் அடித்து வீழ்த்துகிறார். காரணம் நமக்கு விளங்குவதில்லை. இறுதியில் அதே காட்சி திரும்பவும் வருகிறது, அப்போது விளங்குகிறது. முந்திய இரவில், தென்பகுதிக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த நடுத்தர வயதுப் பெண் ஒருவர், சிறு யாழ் போன்ற கருவியை மீட்டியபடி கூச்சத்தோடு பாடினார். குடித்திருந்த லூயின் அவரைக் கூவிக் கேலி செய்தான். அடித்தவர் அப்பெண்ணின் கணவர். எண்ணிப் பாருங்கள்: நாட்டுப்பாடலுக்காகப் பட்டினி கிடந்தவன், நாட்டுப்புறமே நேரில் வந்து மேடையேறியபோது அதை எள்ளி நகைத்தான்! இப்படத்தின் இருண்ட நகைச்சுவை உச்சம் எய்தும் இடம் இதுவே. மண்ணின் பாட்டை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு, மண்ணிலிருந்து வருபவரின் உச்சரிப்பைக் கேட்டு முகஞ்சுளிக்கும் பழக்கம் அந்த ஒருவனுக்கு மட்டுமா உண்டு?

அவன் அடிபட்டுக் கிடக்கும் அதே நேரத்தில் உள்ளே மேடையில் வேறோர் இளைஞன் பாடத் தொடங்குகிறான். முகம் தெளிவாகத் தெரியாவிடினும் குரல் தெரிகிறது, பாப் டிலன். அவர் நியூயார்க் வந்தது 1961 சனவரியில். அவ்வாண்டு செப்டம்பர் 29-இல் 'நியூயார்க் டைம்ஸ்' இதழ் அவரைப் பாராட்டி எழுதியது. 2016-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசே அவரைத் தேடி வந்தது. அதே மேடை, அதே கூடை. ஒருவனுக்குச் சந்து, மற்றவருக்கு உலகம்.

ஆனால் சந்து, உலகம் என இரண்டு வாயில்கள்தாம் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. மூன்றாவது வாயில் ஒன்றும் இருந்தது. அதைப் படத்தில் காண முடியாது. படத்துக்கு வித்தாக அமைந்த மனிதரின் வாழ்க்கையில் காணலாம். அவர் டேவ் வான் ராங்க். 1936-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். அவருடைய நினைவுக்குறிப்புகள் 'மக்டூகல் தெருவின் நகரத்தந்தை' எனப் பொருள்படும் பெயரில், அவர் மறைவுக்குப் பின் 2005-இல் நூலாக வந்தன. லூயின் பாடும் பாடல்கள் சிலவும், கப்பல் தொழிலும், சிகாகோ பயணமும் அவர் வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவை. லூயினின் கடுகடுப்பு மட்டும் அவருடையது அன்று. நியூயார்க்குக்குப் புதிதாய் வந்த டிலனுக்குத் தம் வீட்டு நீள்நாற்காலியில் இடங்கொடுத்தவரே அவர்தாம். பழைய பாட்டு ஒன்றுக்கு வான் ராங்க் அமைத்திருந்த இசைமுறையை, டிலன் தம் முதல் இசைத்தட்டில் பதிவு செய்துகொண்டார். அத்தட்டு 1962-இல் வெளிவந்தது. வான் ராங்குக்கு அதில் வருத்தம் இருந்தது. ஆயினும் அவர் பாடுவதை நிறுத்தவில்லை. பெரும்புகழும் பெருஞ்செல்வமும் அவரை நாடி வரவில்லை. அதே பகுதியில் வாழ்ந்து, பாடி, பலருக்குக் கித்தார் கற்பித்து 2002-இல் மறைந்தார். 2004-இல் அப்பகுதித் தெரு ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. படம் வெளிவந்தபோது, அக்காலத் தெரு இவ்வளவு இருண்டதன்று, தோழமையும் மகிழ்ச்சியும் நிறைந்தது என்று அவருடைய முன்னாள் மனைவியார் எழுதினார்.

மகளுக்கு நாம் சொன்னதும் வான் ராங்கின் கதையைத்தான். டிலன் ஆவாய் என்று வாழ்த்தவும் இல்லை. லூயின் ஆவாய் என்று அச்சுறுத்தவும் இல்லை. அவள் தேர்வுக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறாள். ஒத்திகைக்கும் தவறாமல் போகிறாள். இரண்டில் எது நிலைக்குமோ, இரண்டும் நிலைக்குமோ, அறியோம்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். வான் ராங்க் போன்ற ஒருவர் நாற்பதாண்டுக்கு மேல் பாடி வாழ முடிந்தது என்றால், அவருடைய திறமை மட்டுமே அதற்குக் காரணம் அன்று. கித்தார் கற்க வந்த மாணவர் இருந்தனர், காப்பிக்கடை இருந்தது, கூடையில் காசு போட்டவர் இருந்தனர். லூயின் ஏளனமாகச் சொன்ன 'வெறுமனே உயிர்வாழ்பவர்கள்' அவர்கள். அவர்கள் இல்லாமல் பாட்டு ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்திராது. அன்பர்களே, அந்த வரிசையில்தான் நம் இருக்கையும் இருக்கிறது.

ஆகவே லூயினைப் பற்றிய கேள்வி நம்மைப் பற்றிய கேள்வியாகவும் மாறுகிறது. உண்டு முடித்த விருந்தினர் முன் ஒரு பாட்டுப் பாடச் சொன்ன பேராசிரியர் வீட்டாரிடம், இது என் தொழில், வேடிக்கை அன்று எனச் சீறி எழுகிறான் லூயின். அவன் சீறியது முறையன்று, சொன்னது உண்மை. நம் போன்ற அமைப்புகளின் ஆண்டு விழாக்களில் நடப்பது என்ன? திரையுலகிலிருந்து வரும் பாடகருக்கு வானூர்திச் சீட்டும் விடுதி அறையும் காத்திருக்கும். உள்ளூரில் அலுவலக நேரம் போக மிகுந்த நேரத்தில் தெம்மாங்கு பாடிப் பழகியவருக்குச் சிறப்பு விருந்தினர் வந்து சேரும் வரையிலான இடைவெளி ஒதுக்கப்படும். வாயிலில் மகிழுந்து வந்து நின்றதும் அவருடைய ஒலிவாங்கி அணைக்கப்படும். இரண்டாம் சரணம் தொண்டையிலேயே நின்றுவிடும். சிற்றுண்டிச் சீட்டு ஒன்றே அவருக்குக் கூடையில் விழும் காசு.

இதை மாற்றப் பெருநிதி எதுவும் வேண்டியதில்லை. அடுத்த விழாவில் உள்ளூர்ப் பாடகருக்கும் ஓர் உறையில் சிறு தொகை வைப்போம். அழைப்பிதழில் 'மற்றும் பலர்' என்று எழுதாமல் அவர் பெயரை அச்சிடுவோம். விருந்தினரின் வண்டி முன்னதாகவே வந்துவிட்டாலும், பாட்டு முடியும் வரை அவர் வாயிலில் இரண்டு நிமிடம் நிற்கட்டும்.